இரண்டு கூடை, ஒரு பை

பெங்களூர் பெரிய நகரம். கர்நாடக மாநிலத்தின் தலைநகரம். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது பேசும் மக்கள் பல தலைமுறைகளாக அங்கே சேர்ந்து வாழ்கிறார்கள். அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் போன்ற இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு.

இந்த நகரம் ஒரு புதிய பழக்கத்தைக் கற்றுக்கொள்ள முயன்றது. சின்னப் பழக்கம்தான். குப்பையைப் பிரித்துப் போடும் பழக்கம். அதற்காக மாநகராட்சி உத்தரவு போட்டது. உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. ஆனாலும் பழக்கம் உடனே வரவில்லை. சில வீடுகளில் வந்தது. சில வீடுகளில் வந்து, பிறகு போய்விட்டது.

பழக்கம் ஏன் வரவில்லை? வந்த இடத்தில் எப்படி வந்தது? இதைத் தெரிந்துகொண்டால், எந்த நல்ல பழக்கத்தையும் வளர்க்கும் வழி தெரியும்.

குப்பை எங்கே போனது?

வீட்டில் குப்பை சேர்கிறது. வண்டி வந்து எடுத்துப் போகிறது. வீடு சுத்தமாகிவிட்டது. அத்துடன் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் குப்பை மறைந்துபோவதில்லை. அது வேறு ஒருவர் வாசலுக்குப் போகிறது.

பெங்களூருக்கு வடக்கே மாவள்ளிபுரா என்ற கிராமம் இருக்கிறது. நகரின் குப்பை பல ஆண்டுகள் அங்கே கொட்டப்பட்டது. சோறு, காய்கறித் தோல், பிளாஸ்டிக், கண்ணாடி, மருந்துப் புட்டி எல்லாம் ஒன்றாகக் கலந்து போயின. குப்பை மலைபோல் வளர்ந்தது.

கலந்த குப்பையில் என்ன நடக்கும்? ஈரக் குப்பை அழுகும். அதிலிருந்து கறுப்பான சாறு வடியும். அந்தச் சாறு மண்ணுக்குள் இறங்கும். கிணற்று நீரைக் கெடுக்கும். குவியலின் உள்ளே காற்றுப் புகாது. அதனால் மீத்தேன் என்ற வாயு உண்டாகும். அது எளிதில் தீப்பிடிக்கும். குப்பை மேடுகள் நாள்கணக்கில் புகைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஈயும் கொசுவும் பெருகும். நாய்கள் கூடும்.

மாவள்ளிபுரா மக்கள் பொறுத்துப் பார்த்தார்கள். தண்ணீர் கெட்டது, நோய் வந்தது என்று முறையிட்டார்கள். 2012ஆம் ஆண்டில் அங்கே குப்பை கொட்டுவது நின்றது. உடனே பெங்களூர்த் தெருக்களில் குப்பை குவிந்தது. வண்டிகள் போக இடம் இல்லை. நகரம் முழுவதும் நாற்றம்.

பிறகு மண்டூர் என்ற கிராமத்துக்கு அதிகமான குப்பை போனது. மண்டூர் நகரின் வடகிழக்கே இருக்கிறது. அந்த ஊர் மக்களும் போராடினார்கள். 2014ஆம் ஆண்டில் சாலையில் இறங்கி லாரிகளை மறித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் மண்டூருக்குக் குப்பை போவதும் நின்றது.

மண்டூரில் ஒரு தாய் குடிக்கும் தண்ணீரும், பெங்களூரில் ஒரு வீட்டுக் குப்பைக் கூடையும் இப்படித் தொடர்பு உள்ளவை. நகரத்துக் கை செய்வது கிராமத்துக் குடத்தில் தெரிகிறது.

உத்தரவு வந்தது

2012ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மாநகராட்சி ஓர் உத்தரவு போட்டது. எல்லா வீடுகளும் குப்பையைப் பிரித்துத்தான் தர வேண்டும் என்றது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லா வீடுகளுக்கும் ஒரே முறையைச் சொன்னது. அதுதான் 'இரண்டு கூடை, ஒரு பை'.

பச்சைக் கூடை: ஈரக் குப்பைக்கு. சோறு, காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு, மீன் முள், வாடிய பூ.

சிவப்புக் கூடை: ஒதுக்கப்படும் குப்பைக்கு. குழந்தையின் டயப்பர், மாதவிலக்குத் துணி, நாப்கின், காயத்துக்குக் கட்டிய பஞ்சு.

பை: உலர்ந்த குப்பைக்கு. காகிதம், அட்டை, பிளாஸ்டிக், பால் பாக்கெட், தகரம், புட்டி.

முறை எளிமையானது. படிக்காதவருக்கும் புரியும். வண்டிக்காரர்களும் வாசலில் நின்று கன்னடத்தில் சொல்வார்கள். ஈரக் குப்பை 'ஹசி கசா'. உலர்ந்த குப்பை 'ஒண கசா'. தமிழ் வீடுகளிலும் இந்தச் சொற்கள் பழகிவிட்டன.

புரிந்தது. ஆனாலும் பலர் செய்யவில்லை. அவர்கள் கெட்டவர்களா? இல்லை. சோம்பேறிகளா? அதுவும் இல்லை. அவர்களுடைய கை பழைய பழக்கத்தில் இருந்தது.

பழக்கம் என்றால் என்ன?

காலையில் எழுந்ததும் வாசல் தெளிக்கிறோம். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைகிறோம். இதற்காக யாரும் யோசிப்பதில்லை. கை தானாகச் செய்கிறது. கால் தானாக நிற்கிறது. யோசிக்காமலே நடக்கும் செயல்தான் பழக்கம்.

பழக்கம் எப்படி உண்டாகிறது? ஒரே இடத்தில், ஒரே வேளையில், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முதல் நாள் மனம் நினைவுபடுத்தும். பத்தாம் நாள் இடம் நினைவுபடுத்தும். வாசலைக் கண்டதும் செருப்பு கழல்வது இப்படித்தான்.

இதற்கு எத்தனை நாள் ஆகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இதை ஆராய்ந்தார்கள். ஆய்வு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. 96 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு சிறிய புதிய செயலைத் தேர்ந்தெடுத்தார்கள். மதியச் சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவது, கொஞ்ச நேரம் ஓடுவது போன்ற செயல்கள். அதை 12 வாரம் செய்து பார்த்தார்கள்.

செயல் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. சிலருக்கு 18 நாள் போதும். சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம். எளிய செயல் சீக்கிரம் படிந்தது. கடினமான செயல் தாமதமாகப் படிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் தவறினாலும் பெரிய நஷ்டம் இல்லை. மறுநாள் தொடர்ந்தால் போதும்.

இது முக்கியமான செய்தி. ஒரு நாள் தவறிவிட்டால், "நமக்கு இது வராது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பழக்கம் கெடுவது தவறிய அந்த ஒரு நாளால் அன்று. மறுநாள் தொடங்காததால்தான்.

ஒரு வீட்டில்

அல்சூரில் ஒரு சின்ன வீடு என்று வைத்துக்கொள்வோம். மாமியார், மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பையன். நான்கு பேர்.

மருமகள் இரண்டு கூடை வாங்கி வந்தாள். ஒரு பையும் தைத்தாள். மூன்றையும் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக வைத்தாள். எல்லோருக்கும் சொன்னாள். இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் பச்சைக் கூடையில் பால் பாக்கெட் கிடந்தது. வெங்காயத் தோல் காகிதப் பையில் கிடந்தது.

"அத்தை, எத்தனை தடவை சொன்னேன்? பால் பாக்கெட்டை இதில் போடாதீங்க" என்றாள் மருமகள்.

"ஏம்மா, நானா வேணும்னு போட்டேன்? அடுப்பில் பால் பொங்குது. பின்பக்கம் போக நேரம் எங்கே? கைக்கு எட்டின கூடையில் போட்டுட்டேன்" என்றார் மாமியார்.

மருமகள் யோசித்தாள். மாமியார் சொன்னதில் நியாயம் இருந்தது. வெங்காயம் நறுக்குவது அடுப்படியில். கூடை இருப்பது கொல்லையில். நடுவில் பத்து அடி. அந்தப் பத்து அடிதான் பழக்கத்தைத் தடுத்தது.

அன்றே கூடைகளை இடம் மாற்றினாள். பச்சைக் கூடையை அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வைத்தாள். பையை அடுப்படிக் கதவின் ஆணியில் மாட்டினாள். சிவப்புக் கூடையை மூடி போட்டுக் குளியலறைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பால் பாக்கெட்டுக்கு ஒரு வழி சொன்னாள். "அத்தை, பாலை ஊத்தினதும் பாக்கெட்டில் ஒரு வாய் தண்ணி விட்டுக் கழுவிடுங்க. அந்தக் கம்பியில் மாட்டுங்க. காய்ஞ்ச பிறகு பையில் போட்டுக்கலாம்."

"சரிம்மா. பால் ஊத்தினதும் கழுவணும். அவ்வளவுதானே?"

பால் ஊற்றுவது பல வருடப் பழக்கம். அதன் வாலில் புதிய செயலைக் கட்டினார்கள். பழைய பழக்கம் புதியதை இழுத்துக்கொண்டு போனது.

ஒரு வாரம் கழித்து உறவினர்கள் வந்தார்கள். பெரிய சமையல். அன்றைக்கு எல்லாம் கலந்துபோனது. மருமகளுக்கு வருத்தம்.

"விடும்மா. நாளைக் காலையில் பால் வரும் இல்லே? அங்கிருந்து ஆரம்பிப்போம்" என்றார் மாமியார்.

பையன் தன் பங்குக்கு நாள்காட்டியில் குறி போட்டான். பிரித்த நாளுக்கு ஒரு கோடு. தவறிய நாளுக்கு ஒரு புள்ளி. மாதம் முடிந்ததும் எண்ணினார்கள். கோடுகள் அதிகம். புள்ளிகள் குறைவு. அடுத்த மாதம் புள்ளிகள் இன்னும் குறைந்தன. மூன்றாம் மாதம் பையன் குறி போட மறந்துவிட்டான். ஆனால் யாரும் பிரிக்க மறக்கவில்லை. கை பழகிவிட்டது.

யாருடைய கை?

வீட்டில் கலந்துபோட்ட குப்பையை வேறு ஒருவர் பிரிக்க வேண்டியிருக்கிறது. அழுகிய சோற்றுக்குள் கையை விட்டுப் பிளாஸ்டிக்கை எடுக்க வேண்டும். உடைந்த கண்ணாடி கையைக் கிழிக்கும். பழைய ஊசி குத்தும். மற்றவர் வீட்டு டயப்பரைத் தொட வேண்டும்.

பெங்களூரில் துப்புரவுத் தொழிலாளரைப் பௌரகார்மிகர் என்று அழைக்கிறார்கள். அவர்களில் பெண்கள் அதிகம். இவர்கள் தவிர, தெருவில் காகிதமும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி வாழ்பவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இவர்கள் செய்வது பெரிய சேவை. மண்ணில் புதையும் பொருளை மீட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். ஆனால் நெடுங்காலம் இவர்களை யாரும் தொழிலாளர் என்று மதிக்கவில்லை.

2011ஆம் ஆண்டில் பெங்களூர் மாநகராட்சி இவர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியது. 'ஹசிரு தள' என்ற அமைப்பு இவர்களை ஒன்றுசேர்த்தது. 'பசுமைப் படை' என்பது அந்தப் பெயரின் பொருள். வார்டுகளில் உலர்ந்த குப்பை சேகரிக்கும் மையங்கள் ஏற்பட்டன. குப்பை பொறுக்கி வாழ்ந்த சிலரே அந்த மையங்களை நடத்தும் நிலைக்கு வந்தார்கள்.

அந்த மையத்துக்குச் சுத்தமான, உலர்ந்த அட்டை வந்தால் அதற்கு விலை உண்டு. சாம்பார் ஊறிய அட்டைக்கு விலை இல்லை. வீட்டில் பிரித்தால் ஒருவருக்குக் கூலி கிடைக்கிறது. பிரிக்காவிட்டால் அவருக்குக் காயம் கிடைக்கிறது.

நாப்கினையும் டயப்பரையும் தனியாகக் காகிதத்தில் சுற்ற வேண்டும். சுற்றிய காகிதத்தில் சிவப்பு மையால் ஒரு குறி போடலாம். குறியைப் பார்த்தால் தொழிலாளிக்குத் தெரிந்துவிடும். பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க மாட்டார். உடைந்த கண்ணாடியையும் தடித்த காகிதத்தில் சுற்றித் தனியாகத் தர வேண்டும்.

ஒரு வீடு செய்தால் போதுமா?

"நான் பிரித்துத் தருகிறேன். வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே! பிறகு எதற்கு நான் பிரிக்க வேண்டும்?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

பெங்களூரில் இது பல இடங்களில் நடந்தது. பல வீடுகள் பிரிப்பதை நிறுத்தியதற்கு இதுவும் காரணம். செய்த வேலை வீணாகிறது என்று கண்ணால் கண்டால் யாருக்கும் மனம் விட்டுப்போகும். பழக்கம் நிலைக்க வேண்டுமானால் அதற்குப் பலன் தெரிய வேண்டும்.

இங்கே ஒரு வீட்டின் முயற்சி மட்டும் போதாது. தெரு சேர வேண்டும். பத்து வீட்டார் வாசலில் நின்று, "ஈரக் குப்பையைத் தனியாக எடுங்கள்" என்று கேட்டால் வண்டிக்காரர் கேட்பார். அவரும் மேலதிகாரியிடம் தனி வண்டி கேட்பார். எல்லா வீடும் கலந்து கொடுத்தால் அவர் என்ன செய்வார்? ஆகவே இரண்டு பக்கமும் பழக வேண்டும். வீடும் பழக வேண்டும். நிர்வாகமும் பழக வேண்டும்.

பக்கத்து வீட்டைப் பார்த்தும் பழக்கம் வரும். ஒரு வாசலில் கோலம் போட்டால் அடுத்த வாசலிலும் கோலம் விழுகிறது. குப்பையும் அப்படித்தான். தெரு முனையில் ஒருவர் ஒரு கவரை வீசினால், மாலைக்குள் அங்கே பத்து கவர் சேர்ந்துவிடும். பெங்களூரில் இப்படிப்பட்ட சில முனைகளை மக்கள் சுத்தம் செய்தார்கள். சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். கோலம் போட்டார்கள். செடி வைத்தார்கள். வீச வந்த கை தயங்கியது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மண்டூருக்குப் பிறகு பழைய கல்குவாரிகளில் குப்பை கொட்டப்பட்டது. அங்கேயும் பக்கத்து ஊர் மக்கள் எதிர்த்தார்கள். 2025ஆம் ஆண்டில் பெங்களூர் மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. நிர்வாகம் மாறலாம். அடுப்படியில் பிரிக்கும் கை மட்டும் மாற்ற முடியாத தேவை.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு அரை கிலோ ஈரக் குப்பை சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு மாதத்துக்கு 15 கிலோ.
ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 180 கிலோ.
100 வீடுகள் உள்ள தெருவில் வருடத்துக்கு 18,000 கிலோ. அதாவது 18 டன்.

இது ஒரு தெருவின் கணக்கு. இவ்வளவும் பிளாஸ்டிக்குடன் கலந்தால் ஒரு குன்று. தனியாக இருந்தால் உரம்.

உரம் செய்வது கடினம் இல்லை. ஒரு பழைய வாளி போதும். பக்கத்திலும் அடியிலும் துளை போட வேண்டும். அடியில் காய்ந்த இலை பரப்ப வேண்டும். அதன்மேல் அன்றைய காய்கறித் தோலைப் போட வேண்டும். அதை மறுபடி காய்ந்த இலையால் அல்லது தென்னை நார்த் தூளால் மூட வேண்டும். ஒரு கைப்பிடி பழைய உரமோ கொஞ்சம் புளித்த மோரோ சேர்த்தால் சீக்கிரம் மக்கும். வாரம் ஒரு முறை கிளறிவிட வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். இன்னும் காய்ந்த இலை சேர்க்க வேண்டும். மிகவும் காய்ந்திருந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மண் வாசனையோடு உரம் கிடைக்கும். மாடித் தொட்டியில் கீரை போடலாம்.

எந்தப் பழக்கத்துக்கும் இதே வழி

பெங்களூர் கற்ற பாடம் குப்பைக்கு மட்டும் உரியதன்று. சேமிப்பு, கை கழுவுதல், வெற்றிலை புகையிலையை விடுதல், தினமும் நடத்தல் எல்லாவற்றுக்கும் உதவும்.

1. சின்னதாகத் தொடங்க வேண்டும்.
2. பழைய பழக்கம் ஒன்றோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.
3. வேண்டிய பொருளைக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.
4. ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடர வேண்டும்.
5. வீட்டாரையும் தெருவாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படிப்பும் பழக்கம்தான். எழுத்துக் கற்ற பலர் பிறகு மறந்துவிடுகிறார்கள். புத்தகத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது ஒரு காரணம். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் புத்தகம் இருக்கட்டும். உலை கொதிக்கும் நேரத்தில் பத்து வரி படிக்கலாம். உலை தினமும் கொதிக்கும். படிப்பும் தினமும் நடக்கும்.

பேசிப் பாருங்கள்

1. மாவள்ளிபுரா மக்களும் மண்டூர் மக்களும் ஏன் போராடினார்கள்?
2. மருமகள் கூடைகளை ஏன் இடம் மாற்றினாள்?
3. உங்கள் தெருக் குப்பை எந்த ஊருக்குப் போகிறது? விசாரித்து வந்து சொல்லுங்கள்.

எழுதிப் பாருங்கள்

நீங்கள் வளர்க்க விரும்பும் ஒரு பழக்கத்தின் பெயரை எழுதுங்கள். அதை எந்த வேலை முடிந்ததும் செய்வீர்கள்? எந்த இடத்தில் செய்வீர்கள்? இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள். அந்தத் தாளை அதே இடத்தில் ஒட்டுங்கள். நாளைக்கே தொடங்குங்கள்.